ஊர், பெயர், ஒரு கமா

அன்புள்ள சார்,
வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சி ஷார்ப் நிரல்மொழியில் ‘ஃப்ரம், வேர், செலக்ட்’ என்று கொயரியாக, அதாவது தரவைக் கேட்கும் வாக்கியமாக எழுதினால் வேகம் குறையும், புள்ளி வைத்து, பெயர் சொல்லி அழைக்கும் மெத்தடாகவே எழுது என்கிறார் டீம் லீட். ‘லெட்’ வேறு குழப்புகிறது. எதைப் பழகுவது?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேகம் குறையாது. உங்கள் கொயரியை, நிரலை இயந்திரத்துக்காக மாற்றித்தரும் கம்பைலர் முதலில் மெத்தட் அழைப்புகளாக மாற்றிக்கொள்கிறது. வகை சரியா, பெயர் சரியா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். 2007-இல் சி ஷார்ப் 3.0 வந்ததிலிருந்து இதுதான் கதை. இதற்காக டீம் லீடிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ‘லெட்’ இன்னொரு நாள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு பழைய அவமானத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் பட்டியல் கேட்டார்கள்: ஊர் வாரியாக, ஊருக்குள் பெயர் வாரியாக. வரிசைப்படுத்தச் சொல்லும் ‘ஆர்டர்பை ஊர்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘ஆர்டர்பை பெயர்’ என்று இன்னொரு வரி எழுதினேன். சோதித்த பத்துப் பேரும் ஒரே ஊர்க்காரர்கள். அச்சடித்துக் கொடுத்தேன். வசூலுக்குப் போகிற பெரியவர் திரும்பி வந்து, “ஏன் தம்பி, பேருக்குப் பேரு நான் பஸ் மாறணுமா?” என்றார்.

கம்பைலரைத்தான் திட்டினேன். அது நான் எழுதியதைத்தான் செய்திருந்தது. இரண்டு ‘ஆர்டர்பை’ வரி என்றால் இரண்டு ‘ஆர்டர்பை’ அழைப்பு. பின்னது பட்டியல் முழுவதையும் பெயர்ப்படி புதிதாக அடுக்கிவிட்டது. ஒரே பெயர் உள்ளவர்களுக்குள் மட்டும்தான் ஊர் வரிசை மிஞ்சியது. ஒரே வரியில் ‘ஆர்டர்பை ஊர், பெயர்’ என்று எழுதியிருந்தால் இரண்டாவது ‘தென்பை’ ஆகியிருக்கும்; அது ஊர் வரிசையைக் கலைக்காமல் ஊருக்குள் மட்டும் பெயர்ப்படி அடுக்கும். ஒரு கமா, தம்பி!

அடுக்குவது, சலிப்பது எதுவும் அந்த மாற்றத்துக்குத் தெரியாது. சலிக்கச் சொல்லும் ‘வேர்’ என்று கண்டால் ‘வேர்’ என்ற மெத்தடை அழைக்கும். உங்கள் சொந்த வகுப்பில் அதே பெயரில், அதே வடிவில் ஒரு மெத்தட் வைத்து, உள்ளே எதையுமே சலிக்காமல் விட்டுப் பாருங்கள். கம்பைலர் வாயே திறக்காது.

வேகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நீங்கள் எழுதியது என்னவாக மாறுகிறது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா? ஆறு மாதம் என்ன செய்தீர்கள்? ஷார்ப்லேப் தளத்தில் ஒட்டினால் காட்டிவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமா போட்டு எடுத்த புதுப் பட்டியலை நீட்டியபோது பெரியவர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நடுவில் பிரித்து, விரலை வைத்து இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.