அண்ணாவின் வயலுக்கு ஏறிக்கொண்டே போகும் அடகு

கேள்வி: பிள்ளைகளின் படிப்புக்காக மூன்று வருடத்துக்கு முன் ஒட்டுசுட்டானில் இருந்து வவுனியாவுக்கு வந்தோம். கடையில் சம்பளம் 75,000, வீட்டு வாடகை 20,000. அண்ணா முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறார். மழைக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு மனைவியின் நகையை அடகு வைத்துக் காசு கொடுக்கிறேன். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதலாகத் தந்தார்கள். இப்போது சங்கிலிக்கு ஒரு அடகுச் சீட்டு, காப்புச் சோடிக்கு ஒரு சீட்டு, மூன்று மூன்று லட்சம். மாத வட்டி நூற்றுக்கு ஒன்றரை. அண்ணா போன அறுவடையில் 80,000 தந்தார். நண்பர் ஒருவர் போன் ஆப்பில் காசு போடச் சொல்கிறார், ஆள் சேர்த்தால் கமிஷனாம். போடலாமா?

பதில்: தம்பி, வேண்டாம். ஆள் சேர்த்தால் காசு என்பது பிரமிட் திட்டம், வங்கிச் சட்டமே தடை செய்தது. அதை விட்டுவிடுவோம்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த “கூடுதலாகத் தந்தார்கள்”தான். சீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்கள், தராசில் போட்டுப் பார்த்து “இன்னும் ஒரு லட்சம் எடுக்கலாம்” என்கிறார்கள், நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் காசை அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுகிறீர்கள். விலை ஏறியது உங்கள் மனைவியின் நகைக்கு, ஆனால் ஏறிய அவ்வளவும் உங்கள் பெயரில் கடனாகிவிட்டது. ஆறு லட்சத்துக்கு மாதம் 9,000, வருடம் 1,08,000, அதாவது ஐந்து மாத வாடகைக்கும் மேல். அண்ணா தந்த 80,000 அந்த வட்டிக்கே 28,000 காணாது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வட்டி கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும், அது உங்களுக்குத் தெரியாததல்ல.

அண்ணாவை நான் குறை சொல்லவில்லை. வன்னியில் பெரும்பாலும் அனுமதிப்பத்திரக் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது, அதை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது, அதனால்தான் வயலுக்கான முதலீடு வீட்டுப் பெண்களின் கழுத்திலிருந்து வருகிறது. அறுவடை நேரம் எல்லோரும் ஒன்றாக விற்க, விலையும் விழுந்துவிடுகிறது. ஆனால் அந்த நட்டத்தை வாடகை வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் எத்தனை போகத்துக்குத் தாங்குவீர்கள்?

சங்கிலிச் சீட்டில் இனி ஒரு ரூபாயும் ஏற்றாதீர்கள். காப்புச் சோடியை விற்று அந்தச் சீட்டை முடித்து, மிஞ்சுவதைச் சங்கிலிக் கடனில் கட்டுங்கள், மாத வட்டி 4,500க்குக் கீழே வந்துவிடும். காப்பை விற்கச் சொல்வது கொடுமைதான், மனைவியிடம் கேட்காமல் செய்யவே கூடாது, அது அவருடைய நகை. வட்டியில் மிச்சமாகும் காசையும் ஒவ்வொரு மாதமும் அசலில் போடுங்கள்.

அண்ணாவிடம் விதைப்புக்கு முன்பே, புரட்டாதியிலேயே நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். அரச வங்கிகளில் சலுகை வட்டிக்குப் பயிர்ச்செய்கைக் கடன் இருக்கிறது, அண்ணாவுக்கு அங்கே பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துக்கு அவரோடு நீங்களும் ஒருநாள் லீவு போட்டுப் போங்கள். ஐந்து ஏக்கரும் செய்ய முதலீடு இல்லையென்றால் இந்தமுறை மூன்று செய்யட்டும். பழைய கடனுக்குக் காசு தர முடியாவிட்டால் வெட்டியதும் நெல்லாகத் தரச் சொல்லுங்கள், வவுனியாவில் அரிசி வாங்குகிற செலவாவது குறையும்.