மலையேறிகளை மீட்கும் ஹெலிகாப்டர் சேவையைத் தனியாரிடம் கொடுப்பது சரியா?

கொடுக்கலாம். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது உருப்படுமா என்று சொல்ல முடியும்.

பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக விமானப்படையும் கடற்படையும் 'சீ கிங்' ஹெலிகாப்டர்களில் செய்துவந்த வேலை இது. இளவரசர் வில்லியமே வேல்ஸில் அப்படி ஒரு விமானியாக இருந்தவர்தான். 2013-இல் பிரிஸ்டோ என்ற தனியார் ஹெலிகாப்டர் நிறுவனத்துக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் 160 கோடி பவுண்டுக்கு. 2015-இல் பறக்க ஆரம்பித்தார்கள். மீட்கப்பட்டவர் கைக்கு பில் எதுவும் வருவதில்லை, செலவு அரசுடையது. அந்த ஒப்பந்தப்படி, அழைப்பு வந்தால் பகலில் 15 நிமிடத்துக்குள், இரவில் 45 நிமிடத்துக்குள் கிளம்பியாக வேண்டியிருந்தது. அதாவது, தயாராகக் காத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் காசு.

நேபாளத்தில் கதை வேறு. அங்கே தனியார் கம்பெனிகளுக்கு ஒவ்வொரு முறை பறப்பதற்கும் காசு, பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணியின் இன்சூரன்ஸிலிருந்து. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், லோபுச்சேயில் என் நண்பனுக்குத் தலைவலி, வாந்தி. கிட்டத்தட்ட 4,900 மீட்டர் உயரம், அங்கே காற்று மெலிந்திருப்பதால் வரும் உபாதை. வழிகாட்டி அவன் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டினார். எண் வருவதற்குள் முதல் கேள்வி வந்துவிட்டது: "இன்சூரன்ஸ் இருக்குல்ல? ஹெலிகாப்டர் சொல்லிடவா?" நடக்க முடியுமா என்று அப்புறம்தான் கேட்டார். அவன் நேராக நடந்தான், பேச்சில் குழறல் இல்லை. சரி, இறங்குவோம் என்று மெதுவாக ஃபெரிச்சேவுக்கு இறங்கி அங்குள்ள கிளினிக்கில் காட்டினோம். மறுநாள் காலையில் பருப்பும் சோறும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

அந்த வழிகாட்டியைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் கமிஷன் என்றால் யாருக்கும் கை போனுக்குத்தான் போகும். தேவையில்லாத மீட்புகள், ஒரே பயணத்துக்குப் பல பில்கள் என்று புகார்கள் குவிந்து, 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. இனி காப்பீடே தரமாட்டோம் என்கிற அளவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் போய்விட்டன.

அங்கே போகிறவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் அவசர எண்ணைத் தங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நீங்களே முதலில் கூப்பிடுங்கள். ஆனால் கூட வந்தவர் தள்ளாடி நடந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கமிஷன் யாருக்குப் போனால் என்ன, உடனே அவரைக் கீழே கூட்டிப்போகப் பாருங்கள், ஹெலிகாப்டரையும் கூப்பிடுங்கள்.