மகள் சேரப்போவது ஏசி மெக்கானிக் வேலையா?

வணக்கம் ஐயா.

உங்கள் மகள் ஈஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) முடித்திருக்கிறார். பெரிய கட்டடங்களுக்கு பிஎம்எஸ், அதாவது கட்டடத்தின் இயந்திரங்களை ஒரே இடத்திலிருந்து கவனித்து இயக்கும் கணினி அமைப்பு, அமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம் அவரை கமிஷனிங் இன்ஜினியராக, அதாவது அதைச் சோதித்து ஓட வைப்பவராக அழைத்திருக்கிறது. "நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வைத்துவிட்டு ஏசி மெக்கானிக் வேலைக்கு அனுப்புவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல வேலை, சேரச் சொல்லுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அவற்றைப் பிறகு சொல்கிறேன். அவர் அங்கே என்ன செய்யப்போகிறார் என்பது முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏசி மெக்கானிக் வேலையை நாம் குறைவாக நினைக்கக் கூடாது. ஐடிஐ-யில் இரண்டு வருடம் அந்தத் தொழிலைப் படித்து, கையில் கேஜ் (கேஸ் அழுத்தம் பார்க்கும் கருவி) பிடித்து வளர்ந்த ஒருவரிடம்தான் உங்கள் மகள் முதல் ஆறு மாதம் பாடம் கேட்கப்போகிறார். அந்த மரியாதையோடு போனால் சீக்கிரம் கற்றுக்கொள்வார்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் ஐடி கட்டடங்களில் பலவற்றுக்கு நம் வீட்டு ஸ்பிலிட் ஏசி போல அறைக்கு ஒன்று கிடையாது. சில்லர் என்ற பெரிய இயந்திரம் தண்ணீரைச் சுமார் 7 டிகிரிக்குக் குளிரவைத்து அனுப்பும். ஒவ்வொரு தளத்திலும் இருக்கும் ஏஹெச்யூ (ஏர் ஹேண்ட்லிங் யூனிட்) அந்தத் தண்ணீரைக் கொண்டு காற்றைக் குளிரவைத்து டக்ட் வழியே தள்ளும். தண்ணீர் 12 டிகிரி அளவுக்குச் சூடாகி சில்லருக்கே திரும்பும். சில்லர் உறிஞ்சிய வெப்பத்தை மொட்டைமாடியில் இருக்கும் கூலிங் டவர் வெளியே தள்ளும். நடுவே பம்புகள், வால்வுகள், மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி-கள். சில்லர் ஒரு கம்பெனியுடையது, விஎஃப்டி இன்னொன்றுடையது, எனர்ஜி மீட்டர் மூன்றாவது கம்பெனியுடையது. ஒவ்வொன்றும் தன்னை இயக்கும் சின்னக் கணினியான ஒரு கண்ட்ரோலரோடுதான் தொழிற்சாலையிலிருந்து வரும்.

சில்லரின் கண்ட்ரோலருக்குத் தன் உடம்பு நன்றாகத் தெரியும். கேஸ் அழுத்தம் விழுந்தாலோ, உள்ளே தண்ணீர் உறையும் நிலைக்குப் போனாலோ, யாரையும் கேட்காமல் தன்னை நிறுத்திக்கொள்ளும். ஆனால் பத்தாவது மாடியில் கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டது அதற்குத் தெரியாது. அது பிஎம்எஸ்ஸுக்குத் தெரியும். எந்த சில்லர் எப்போது ஓட வேண்டும், எத்தனை டிகிரியில் ஓட வேண்டும், எது பழுதாகி நிற்கிறது என்று முழுக் கட்டடத்தையும் பார்த்து முடிவெடுப்பது பிஎம்எஸ். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைத்து, பேசியது சரிதானா என்று மெஷின் பக்கத்தில் நின்று சோதிப்பதுதான் உங்கள் மகளின் வேலை.

"கேபிளை மாட்டினால் தானாகப் பேசாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பேசாது. இந்த வேலைக்கு மதிப்பு வருவதே அங்கேதான்.

மோட்பஸ் என்று ஒரு நெறிமுறை, அதாவது கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. 1979-இல் வந்தது, இன்றும் எங்கும் ஓடுகிறது. அதில் தகவல் எல்லாம் ரெஜிஸ்டர் என்ற எண்ணிட்ட நினைவகப் பெட்டிகளில் வெறும் எண்ணாக இருக்கும். சில்லரிலிருந்து 67 என்று வரும். அது 67 டிகிரி இல்லை, 6.7 டிகிரி. பத்தால் வகுக்க வேண்டும் என்பது கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் அச்சாகியிருக்கும். பல கையேடுகளில் ரெஜிஸ்டர் எண்கள் 1-லிருந்து தொடங்கும், கம்பியில் போகும்போது 0-விலிருந்து தொடங்கும். அந்த ஒன்றைக் கவனிக்காவிட்டால் பக்கத்து ரெஜிஸ்டரைப் படித்துக்கொண்டிருப்போம். பெரிய எண்கள் இரண்டு ரெஜிஸ்டர்களில் பாதி பாதியாக வரும். எந்தப் பாதி முதலில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாதிகளை மாற்றிப் போட்டால் அபத்தமான எண் வரும், உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது பார்க்கச் சரியாகத் தெரியும் தவறான எண்தான். உள்ளே வரும் தண்ணீரின் வெப்பநிலையை வெளியே போவதாக எடுத்துக்கொண்டால் திரையில் 12 என்று தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. சில்லர் பேனலில் தெரியும் எண்ணையும் திரையில் தெரியும் எண்ணையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை உள்ளவர்தான் இதைக் கண்டுபிடிப்பார்.

ரெஜிஸ்டரில் மதிப்பை எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். சில கண்ட்ரோலர்கள் நாம் அனுப்பும் செட் பாயிண்ட்டை (எத்தனை டிகிரி வேண்டும் என்ற இலக்கை) நிரந்தர நினைவகத்தில் எழுதி வைக்கும். அந்த வகை நினைவகம் பொதுவாக ஒரு லட்சம் முறை அளவுக்குத்தான் எழுதத் தாங்கும். விவரம் தெரியாமல் ஒருவர் ஐந்து விநாடிக்கு ஒரு முறை அதே மதிப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பும்படி அமைத்துவிட்டால், ஒரு நாளைக்கு 17,280 முறை எழுதுகிறது. ஒரு வாரம்கூடத் தாங்காது. மதிப்பு மாறினால் மட்டும் எழுது என்று அமைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அப்படி அமைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பாக்நெட். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருந்தது. ஒரு முறை வாங்கினால் கட்டடத்தின் ஆயுள் முழுக்க அந்த ஒரே கம்பெனியிடம் போய் நிற்க வேண்டும். அதை உடைக்க அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர்கள் அமைப்பு 1987-இல் ஒரு குழு அமைத்தது. 1995-இல் பாக்நெட் தரநிலை வெளியானது, 2003-இல் ஐஎஸ்ஓ தரநிலையும் ஆனது. இன்று வரும் சில்லர், ஏஹெச்யூ கண்ட்ரோலர்களில் பெரும்பாலானவை பாக்நெட் பேசும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு கருவிக்கு வரும் கட்டளைகளுக்கு 16 முன்னுரிமைப் படிகள். 1-தான் உச்சம், உயிர்ப் பாதுகாப்புக்கானது. 8 என்பது ஆபரேட்டர் கையால் கொடுக்கும் கட்டளை. இரவு எட்டு மணிக்கு ஏஹெச்யூவை நிறுத்தச் சொல்லும் கால அட்டவணை இதற்கும் கீழ்ப்படியில் இருக்கும். யாரோ ஒருவர் சோதனைக்காக 8-இல் 'ஆன்' கொடுத்துவிட்டு மறந்துபோனால், அட்டவணை என்ன சொன்னாலும் அந்த மெஷின் நிற்காது. காலியான தளத்தை விடிய விடிய குளிரவைத்துக்கொண்டிருக்கும், கரண்ட் பில் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே 'ஆஃப்' கொடுத்தாலும் தீராது, காலையில் அட்டவணை சொன்னாலும் ஓடாது. அந்தப் படியில் இருக்கும் கட்டளையையே நீக்க வேண்டும். பிஎம்எஸ் இருந்தும் மின்சாரம் மிச்சமாகாத கட்டடங்களில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

கம்பி வேலையும் உண்டு. கருவிகள் பேசிக்கொள்ளும் ஆர்எஸ்-485 கேபிளை ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகத்தான் இழுக்க வேண்டும். நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி கொடுத்துவிட்டால் மொத்த வரிசையும் தடுமாறும். உங்கள் மகள் கல்லூரியில் படித்த மின்சாரம் இங்கே நேராகக் கைகொடுக்கும்.

சில்லரைக் கிளப்புவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. வால்வு திறந்து, பம்ப் ஓடி, தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறது என்று ஃப்ளோ ஸ்விட்ச் உறுதி செய்த பிறகுதான் கம்ப்ரஸர் கிளம்ப வேண்டும். அந்த ஸ்விட்ச் நேராக சில்லருக்குத் தனிக் கம்பியில் போக வேண்டும். 'எல்லாம் நெட்வொர்க்கில் இருக்கிறதே, இதையும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம்' என்று யாராவது செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள். தீ எச்சரிக்கை வந்தால் ஏஹெச்யூவை நிறுத்தும் கம்பிக்கும் இதே கதைதான். பாதுகாப்பை நெட்வொர்க்கை நம்பி விடக் கூடாது. மேலே இருப்பவர் யாராக இருந்தாலும் இதில் உங்கள் மகள் 'முடியாது' என்று சொல்லிப் பழக வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பாக்நெட் போன்ற பொது மொழி வந்துவிட்டதே, ஏஐ-யும் வருகிறதே, பத்து வருடத்தில் இந்த வேலை இருக்குமா? பொது மொழி வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது, இந்த வேலை குறையவில்லை. மதிப்பை எப்படி அனுப்புவது என்பதைத்தான் அந்த மொழி சொல்கிறது. அந்த மதிப்பை நம்பலாமா, அதை வைத்து எந்த மெஷினை நிறுத்தலாம் என்பதை அந்த மெஷினைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். எந்தெந்த மதிப்புகளைப் படிக்க வேண்டும் என்ற பாயிண்ட் லிஸ்ட் தயாரிப்பது, திரைப் படங்கள் வரைவது போன்ற மேசை வேலைகள் கணினிக்குப் போகலாம். அதனால்தான் முதல் இரண்டு வருடமாவது அவர் சைட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். நேராக ஏசி அறையில் உட்கார்ந்து படம் வரையும் வேலை கிடைத்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், அவருக்கு நல்லதில்லை.

வாய்ப்புகள் எங்கே என்றால், இங்கேயே இருக்கின்றன. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரேயின் பரிந்துரை. அந்தக் குளிர்ச்சி தடைபடக் கூடாது என்பதால் கண்ட்ரோல்ஸ் தெரிந்த ஆட்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். மெட்ரோவின் சுரங்க நிலையங்கள், மருத்துவமனைகள், மருந்துத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் இது தேவை. துபாய், அபுதாபி பக்கம் ஒரே ஆலையிலிருந்து குழாய் வழியே பல கட்டடங்களுக்குக் குளிர்ந்த நீர் போகிறது. அங்கேயும் சிங்கப்பூரிலும் இந்தத் துறையில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். நெட்வொர்க் பாதுகாப்பு பக்கமும் போகலாம். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் திருடு போயின. திருடர்கள் உள்ளே நுழைந்தது குளிர்சாதன ஒப்பந்ததாரர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த லாகின் வழியாகத்தான். அதற்குப் பிறகு கட்டடத்தின் நெட்வொர்க்கை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

சம்பளத்தை மறைக்க விரும்பவில்லை. ஆரம்பத்தில் மென்பொருள் கம்பெனிகளில் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவருடைய தோழிகளோடு ஒப்பிட்டு வீட்டில் பேசாதீர்கள். கமிஷனிங்கைத் தனியாக முடித்துத் தரும் நிலைக்கு வந்த பிறகு சம்பளத்தை அவரே கேட்டு வாங்கும் இடத்தில் இருப்பார்.

சரி, நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்? முதலில், வேலை கமிஷனிங் குழுவிலா, கட்டடத்தின் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் போட்டுத் திரையைப் பார்ப்பதா? ஆஃபர் கடிதத்தில் பெயர் ஒன்றாக இருக்கும், உட்கார வைக்கும் இடம் வேறாக இருக்கும். கண்ட்ரோல் ரூமில் மாட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் அலாரத்தை அழுத்தி அணைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். இது எழுத்தில் வர வேண்டும். சம்பளம் நேராக அந்த நிறுவனத்திடமிருந்தா, ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரிடமிருந்தா என்றும் கேளுங்கள். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்து வைக்க வேண்டாம்.

நீங்கள் கடிதத்தில் நேராகக் கேட்காமல் விட்டதையும் சொல்கிறேன். சைட்டில் இரவு வேலை வரும். கட்டடம் காலியாக இருக்கும்போதுதான் சில்லரை நிறுத்திச் சோதிக்க முடியும். இரவு வண்டி யார் பொறுப்பு, சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, குழுவில் வேறு பெண்கள் உண்டா என்று உங்கள் மகளே கேட்கட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களுக்கான உள்ளகக் குழு இருப்பது 2013 சட்டப்படி கட்டாயம். அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. மெஷினைத் தொடும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் பழக்கம் அந்த நிறுவனத்தில் உண்டா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அந்த நிறுவனம் வேண்டாம்.

'பிஎம்எஸ் கோர்ஸ்' என்று கடன் வாங்கி லட்சத்தில் கட்டாதீர்கள். நயாகரா போன்ற பிஎம்எஸ் மென்பொருளின் சான்றிதழுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் ஒரு வருடம் சைட்டைப் பார்த்த பிறகு எடுத்தால்தான் மனதில் நிற்கும், அதை நிறுவனமே செலவு செய்து அனுப்புமா என்று இப்போதே கேட்டு வைக்கலாம். அதுவரை வீட்டிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. யுஎஸ்பி-யிலிருந்து ஆர்எஸ்-485-க்கு மாற்றும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்தான். மோட்பஸ் உள்ள ஒரு எனர்ஜி மீட்டரை வாங்கி, அதன் கையேட்டைப் பார்த்து வோல்டேஜைக் கணினியில் சரியாகப் படித்துக் காட்டட்டும். பாக்நெட்டுக்கு யாபே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதோடு ஒரு அறையின் மாதிரியும் வரும். 16 படிகளை அதிலேயே எழுதிப் பார்க்கலாம். ஈஇஇ படித்தவர்களுக்குக் குறைவாக இருப்பது இரண்டு விஷயம். குளிர்பதனச் சுழற்சி எப்படி நடக்கிறது என்பது ஒன்று, ஐபி முகவரி, சப்நெட் என்ற நெட்வொர்க் பாடம் இன்னொன்று. முதலாவதை மெக்கானிக்கல் பாடப் புத்தகத்திலிருந்து இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். இஷ்ரே என்ற இந்தியக் குளிர்சாதனப் பொறியாளர்கள் அமைப்புக்குச் சென்னையில் கிளை உண்டு, அதன் கூட்டங்களுக்குப் போனால் துறையில் இருப்பவர்களை நேரில் பார்க்கலாம்.

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவருக்கே அந்த ஆசை இருந்தால் இருக்கட்டும். அவர் கடிதத்தில் தனியாக எழுதியிருந்த நான்கு வரிகளில் வங்கியைப் பற்றி எதுவும் இல்லை, விஎஃப்டி பற்றி ஒரு கேள்வி இருந்தது. அதற்குத் தனியாகப் பதில் அனுப்பியிருக்கிறேன். ஆஃபர் கடிதம் கைக்கு வந்ததும், கையெழுத்துக்கு முன் ஒரு நகல் அனுப்புங்கள். வேலையின் பெயரையும் பாண்ட் பகுதியையும் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.