டிங்க் ஏன் தூக்கிக்கொண்டு போகிறது? பிக்கிள்பால் மெல்லடி: கேள்வி பதில்

கேள்வி: டிங்க் (வலைக்கு அருகே நின்று, எதிராளியின் வலையோரப் பகுதியில் விழும்படி மெதுவாகத் தட்டும் அடி) அடித்தால் ஒன்று வலையில் விழுகிறது, இல்லையென்றால் எழும்பிப் போய் எதிராளிக்கு விருந்தாகிறது. என்ன தப்பு?

பதில்: முதலில் உங்கள் பிடியைப் பாருங்கள். முழு இறுக்கம் பத்து என்றால் டிங்க்குக்கு மூன்று, நான்கு போதும். யாராவது மட்டையைப் பிடுங்கினால் சுலபமாகக் கையை விட்டு வந்துவிட வேண்டும், அந்த அளவு. அப்புறம் மணிக்கட்டு. அது சுண்டினால் பந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரத்தில் போகும். மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து ஊஞ்சல் மாதிரி கையை ஆட்டுங்கள். பந்து தாழ்வாக வந்தால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். பின்னால் ஓங்கவே வேண்டாம். மட்டை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போனால் அது டிங்க்கே இல்லை.

கேள்வி: நேராக அடிப்பதா, குறுக்காகவா?

பதில்: பழகும்வரை குறுக்காக. வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34; குறுக்காகப் போகும் பந்து அந்தத் தாழ்ந்த நடுவைத்தான் தாண்டும். இடமும் கூடுதல். கிச்சன், அதாவது வலையை ஒட்டி இரு புறமும் உள்ள பகுதி, ஒவ்வொரு புறமும் 7 அடி என்பதால் கோட்டுக்குக் கோடு நேராக 14 அடிதான். மூலைக்கு மூலை போனால் 24 அடிக்கு மேல். கொஞ்சம் நீளமாகப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கிச்சனுக்குள் காலே வைக்கக்கூடாதாமே?

பதில்: தாராளமாக வைக்கலாம். அங்கே நின்று வாலி, அதாவது பந்து தரையில் படுமுன்பே அடிப்பது, அதுதான் கூடாது. வாலி அடித்த வேகத்தில் தடுமாறி உள்ளே போனாலும் தப்புதான்.

கேள்வி: மூன்றாவது அடியை (சர்வ், அதன் பதிலடி, அதற்கடுத்த அடி) டிராப்பாக, அதாவது எதிராளியின் கிச்சனில் மெதுவாக விழும்படி, போடச் சொல்கிறார்கள். எனக்குப் பத்தில் ஏழு உயரமாகப் போகிறது.

பதில்: பந்து எங்கே உச்சிக்குப் போகிறது என்று கவனியுங்கள். உச்சி வலைக்கு உங்கள் பக்கமே இருக்க வேண்டும். வலையைத் தாண்டும்போது அது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் வலையை ஒட்டிப் போட ஆசைப்பட்டு வலையிலேயே மாட்டுகிறார்கள். எதிராளி வலை மட்டத்துக்குக் கீழே இருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டி வந்தால் உங்கள் டிராப் ஜெயித்துவிட்டது, அழகாக விழாவிட்டாலும் சரி. பயிற்சியைக் கடைசிக் கோட்டில் தொடங்காதீர்கள். கிச்சன் கோட்டில் தொடங்கி, ஐந்து பந்து சரியாக விழுந்தால் ஓரடி பின்னால் போங்கள்.

இன்னொன்று. டிராப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் ஓடும் பழக்கம் எனக்கு வெகுநாள் இருந்தது. பந்து உயரமாகப் போயிருந்தால் பாதி வழியில் காலடியிலேயே அடி வாங்குவேன். போட்ட பந்தைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: எதிராளி ஓங்கி அடித்தால் மென்மையாகத் திருப்புவது எப்படி?

பதில்: அவர் அடிக்கும் கணத்தில் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, நின்றுவிடுங்கள். மட்டையை உடம்புக்கு முன்னால் வைத்துப் பிடியைத் தளர்த்துங்கள். வீச வேண்டாம், காட்டினால் போதும். வேகத்தைத் தளர்ந்த கை விழுங்கிக்கொள்ளும்.

கேள்வி: மட்டையை மாற்றினால் சரியாகுமா?

பதில்: கொஞ்சம். 16 மில்லிமீட்டர் தடிமனுள்ளது மெல்லியதைவிட அடக்கமாக அடிக்கும். ஆனால் இறுக்கிப் பிடிக்கிற கைக்கு எந்த மட்டையும் ஒன்றுதான்.

கேள்வி: கூட ஆட ஆள் இல்லை.

பதில்: சுவர் இருக்கிறதே. 34 அங்குல உயரத்தில் ஒரு டேப் ஒட்டி, 7 அடி தள்ளி நின்று, டேப்புக்குச் சற்று மேலே படும்படி மெதுவாகத் தட்டுங்கள். திரும்பி வரும் பந்து தரையில் ஒருமுறை குதித்த பிறகு அடுத்த தட்டு. இருபது தொடர்ந்து வந்தால் பின்கைப் பக்கம் மாறுங்கள். அங்கே எண்ணிக்கை சட்டென்று நாலைந்துக்கு இறங்கும், பயப்பட வேண்டாம்.