சின்னப் படகுக்குக் காப்புறுதி போடுவது தேவையா?

14 அடி ஃபைபர் படகும் அதன் பின்பலகையில் வெளியே மாட்டும் 15 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சினும் வாங்கிவிட்டு, காரைப் போல இதற்கும் காப்புறுதி கட்டாயமா, போட்டால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கே மலேசியாவில் காருக்கு ரோட்டெக்ஸ் (சாலை வரி) எடுக்கும்போது காப்புறுதி கேட்கிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கும் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் ரோட்டில் ஓடும் வண்டிக்குத்தான், ஆற்றில் போகும் படகை அது எட்டிப் பார்க்காது. கார் பாலிசியையும் நம்பாதீர்கள். படகை டிரெய்லரில் கட்டி இழுத்துப் போகும்போது இடித்தால் கார் பாலிசி காரைத்தான் பார்க்கும், படகுக்கான செலவு உங்கள் தலையில். அஞ்சு வருஷம் கிளைம் இல்லாமல் கார் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு சேர்த்து வைத்திருந்தாலும் அதைப் படகுக்கு மாற்ற முடியாது.

நான் தெலுக் இந்தான் பக்கம், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை பேராக் ஆற்றில் உடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. கார் காப்புறுதி போடும் ஏஜெண்டிடமே படகுக்கும் போட்டேன், பணம் கட்டினேன், பாலிசியை அலமாரியில் வைத்தேன், ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு காலையில் ஜெட்டிக்குப் போனால் படகு இருக்கிறது, எஞ்சின் இல்லை. பின்பலகையில் கிளாம்ப் திருகாணி அழுத்திய இரண்டு வட்டத் தடம் மட்டும், பெட்ரோல் குழாய் அறுந்து தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. போலிஸ் ரிப்போர்ட் செய்து கிளைம் போட்டேன். இழப்பை மதிப்பிட வந்த அட்ஜஸ்டர் பலகையை நாலு படம் எடுத்துவிட்டு, "அண்ணே, பூட்டு எங்கே?" என்றார். கிளாம்பை நல்லா முறுக்கித்தான் வைத்திருந்தேன் என்றேன். அவர் பாலிசியைத் திறந்து காட்டினார்: அவுட்போர்ட் எஞ்சின் திருடு போனால், வழக்கமாக மாட்டும் முறை போக, திருட்டைத் தடுக்கும் பூட்டும் போட்டிருந்தால்தான் பணம். ஒரு காசும் கிடைக்கவில்லை. ஏஜெண்ட் மேல் கத்தினேன், ஆனால் எழுத்தில் இருப்பதை என்ன சொல்வது?

உல்லாசப் படகுகளுக்குப் பல பாலிசிகளில் சேர்க்கும் இன்ஸ்டிடியூட் யாட் கிளாஸஸ் என்ற நிபந்தனைகளில்தான் இது வருகிறது. எஞ்சின் கழன்று தண்ணீரில் விழுந்தாலும் கிடையாது. 17 நாட், அதாவது மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டருக்கு மேல் போகும்படி செய்த படகு என்றால் ஸ்பீட்போட் கணக்கில் போய்விடும், அதற்குத் தனி நிபந்தனை. உங்கள் படகு இலேசாக இருந்தால் 15 குதிரைத்திறனில் அந்த வேகத்தைத் தாண்டக்கூடும், அதனால் முதலிலேயே ஏஜெண்டிடம் சொல்லிவிடுங்கள். கூலிக்கு ஆள் ஏற்றுவதாக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

போடலாமா என்றால், பழைய மரச் சம்பானுக்கு நான் போடமாட்டேன். உங்களுடையதுக்குப் போடுவேன், எஞ்சின் விலைக்காக மட்டுமல்ல, குளித்துக்கொண்டிருக்கும் யார் மேலாவது மோதிவிட்டால் வரும் நஷ்டஈட்டுக்காக. அந்த மூன்றாம் தரப்புப் பகுதி பாலிசியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நியாயமில்லாமல் மறுத்துவிட்டார்கள் என்று தோன்றினால், அவர்களுடைய கடைசி முடிவு கடிதமாக வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் என்ற, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அமைப்பிடம் போகலாம், கட்டணம் இல்லை. நான் போகவில்லை, என் பக்கம் பூட்டு இல்லையே.

இப்போது இரண்டு கிளாம்ப் கைப்பிடியையும் சேர்த்து மூடுகிற இரும்புக் குழாய்ப் பூட்டு ஒன்று மாட்டியிருக்கிறேன். அப்புறம், எஞ்சினில் இருக்கும் சீரியல் நம்பரைப் படம் பிடித்து, கடை பில்லோடு வீட்டில் வையுங்கள், படகுப் பெட்டிக்குள் வேண்டாம்.