விலை ஏறினால் மதர்போர்டின் ஆயுளும் ஏறுமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “கேமிங்குக்காக நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். நாலே வருஷத்தில் மதர்போர்டு போய்விட்டது. இடி மழை பெய்த ஒரு ராத்திரிக்குப் பிறகு ஆன் ஆகவே இல்லை. இந்த முறை ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராபிக்ஸ் கார்டு என்று முடிவு செய்திருக்கிறேன். மதர்போர்டுக்கு மட்டும் அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கச் சொல்கிறார் கடைக்காரர். விலை கூடிய எக்ஸ்870இ போர்டுதான் நின்று உழைக்குமாம். வாங்கலாமா?”

வேண்டாம். அந்தப் பணத்தில் பாதி போதும். மீதியில் நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை), யுபிஎஸ் வாங்குங்கள், வீட்டு எர்த்தைச் சரி பாருங்கள். இடி மழைக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், விலை கூடும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பார்த்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியதோ 1.2 வோல்ட்டுக்குப் பக்கம். அதை இறக்கிக் கொடுக்கும் பகுதிக்கு வி.ஆர்.எம். என்று பெயர். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சதுரக் கட்டிகளும் அவற்றுக்குப் பக்கத்தில் ஹீட் சிங்க்குக்கு அடியில் மறைந்திருக்கும் சில்லுகளும்தான் அது. பெட்டியின் மேல் “14+2+1 ஃபேஸ், 80 ஆம்பியர்” என்று பெரிதாகப் போட்டிருப்பது இந்த வரிசையைத்தான். முதல் எண் ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ஃபேஸ்களின் எண்ணிக்கை, ஆம்பியர் என்பது அவற்றில் ஒவ்வொன்றும் தாங்கும் அளவு.

உங்கள் ப்ராசஸருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9800எக்ஸ்3டி சாதாரண அமைப்பில் சாக்கெட்டிலிருந்து இழுக்கக்கூடிய உச்ச அளவு 162 வாட். 1.2 வோல்ட்டால் வகுத்தால் 135 ஆம்பியர். 14 ஃபேஸ் பகிர்ந்துகொண்டால் ஒன்றின் தலையில் 10 ஆம்பியர்கூட விழாது. 8 ஃபேஸ், 60 ஆம்பியர் என்று போட்ட நடுத்தர போர்டிலும் ஒன்றுக்கு 17 ஆம்பியர்தான். இதுவும் உச்சக் கணக்கு. கேம் ஓடும்போது இந்த ப்ராசஸர் பெரும்பாலும் 100 வாட்டைத் தாண்டுவதில்லை. பத்து மாடு இழுக்கிற வண்டியில் ஒரு மூட்டை நெல் ஏற்றுவது போல. இன்னும் நாலு மாடு கட்டுவதால் வண்டியின் ஆயுள் கூடிவிடாது.

230 வாட் வரை போகும் ரைசன் 9 9950எக்ஸ்3டி போட்டு, ராப்பகலாக வீடியோ ரெண்டர் செய்பவருக்குக் கணக்கு வேறு. அவருக்குக் கனமான ஹீட் சிங்க்கும் கூடுதல் ஃபேஸும் தேவை. நான்கைந்து எஸ்எஸ்டி, 10 ஜிகாபிட் நெட்வொர்க், இரண்டு யுஎஸ்பி4 போர்ட் எல்லாம் ஒன்றாக வேண்டும் என்பவருக்கும் எக்ஸ்870இ தகும். அந்த ‘இ’ சேர்ந்தால் போர்டில் யுஎஸ்பி, எஸ்எஸ்டி போன்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட் சில்லுகள் ஒன்றுக்குப் பதில் இரண்டு இருக்கும், அதனால் இணைப்புகள் கூடும். எக்ஸ்870, பி850 இரண்டிலும் ஒரே சில்லுதான். நீங்கள் கேட்பதோ கேமும் நீண்ட உழைப்பும். நல்ல பி850 அல்லது எக்ஸ்870 உங்களுக்குத் தாராளம்.

விலை கூடிய போர்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு ஏஎம்5 என்று பெயர். ஏஎம்5 ப்ராசஸரில் நாம் பயன்படுத்தக் கிடைக்கும் பிசிஐஇ லேன்கள், அதாவது கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசஸரோடு பேசும் தடங்கள், 24 மட்டுமே. கிராபிக்ஸுக்கு 16, மீதி 8. அறுபதாயிரம் கொடுத்தாலும் இது கூடாது. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதும் கிராபிக்ஸ் கார்டு 16 லேனிலிருந்து 8-க்கு இறங்கிவிடும். வேறு சிலவற்றில் யுஎஸ்பி4-ம் எம்.2-வும் ஒரே லேன்களைப் பங்கு போடும். இவையெல்லாம் பெட்டியில் இருக்காது. கம்பெனி இணையதளத்தில் யூசர் மேனுவல் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன்பே இறக்கி, எம்.2 ஸ்லாட் பற்றிய பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நம்பகம் என்பதில் பாதி, போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசை எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில, அடிப்பக்கம் உப்பி சாக்கெட்டோடு கருகின. ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்தபோது, ப்ராசஸருக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜைச் சில போர்டுகள் அளவுக்கு மேல் ஏற்றிவிட்டதுதான் கோளாறு. அதன் பிறகு அது 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி பயாஸ் வழியாகக் கட்டுப்பாடு போட்டது. அந்த விபத்தில் விலை உயர்ந்த போர்டுகளும் தப்பவில்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் நிலைகுலைந்த விவகாரத்திலும் 2024-ல் தீர்வு வந்தது பயாஸ் அப்டேட்டில்தான். ஆகவே போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, கடைசி பயாஸ் எப்போது வந்தது, இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய மாடல்களுக்கு அந்தக் கம்பெனி இன்னும் பயாஸ் கொடுக்கிறதா என்று பாருங்கள். ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் பின்பக்கம் இருக்கிறதா என்பதும் முக்கியம். என் கணக்கில் இந்த ஒரு பட்டன் நாலு கூடுதல் ஃபேஸுக்குச் சமம்.

ரேம் இரண்டு குச்சியோடு நிறுத்துங்கள். டிடிஆர்5 6000, இரண்டு 16 ஜிபி அல்லது இரண்டு 32 ஜிபி. நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் 9800எக்ஸ்3டிக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே.

அடுத்து வாரண்டி. இந்தியாவில் இந்த வகை போர்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷம். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட லேபிள் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கு மூவாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். சர்வீஸ் சென்டர் உங்களுக்கு எந்த ஊரில் கிடைக்கும், மதுரையா திருநெல்வேலியா, கூரியர் செலவு யாருடையது என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

பெரும்பாலும் வாரண்டியில் வராத ஒன்று உண்டு: வளைந்த சாக்கெட் பின். போன மாதம் ஒரு தம்பி “ஒரு பக்க ரேம் காட்டவில்லை, போர்டு போச்சு அண்ணா” என்று கொண்டுவந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் 1718 பின்களில் ஓரத்தில் மூன்று, காற்றில் சாய்ந்த கதிர் போல ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ப்ராசஸர் சூடு இறங்கத் தடவும் பேஸ்ட் பழையதாகிவிட்டதென்று பஞ்சால் துடைத்திருக்கிறார், நூல் மாட்டி இழுத்திருக்கிறது. ஊசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ரேம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாக்கெட்டின் மேல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அது மேலே இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை இடியில் போகும் போர்டுகள் பல, கரண்ட் லைன் வழியாகவோ ரூட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் வயர் வழியாகவோ அடி வாங்குபவை. இதற்கு எக்ஸ்870இ தடுப்பு அல்ல. நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் சொருகும் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது காட்டினால் முதலில் வயரிங்கைக் கவனியுங்கள், போர்டு பிறகு. கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுத்ததுண்டா? எர்த் சரியில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இடி தொடங்கினால் பிளக்கையும் நெட்வொர்க் வயரையும் பிடுங்கி வையுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது.

கடற்காற்றில் உப்பு உண்டு, உப்பு ஈரத்தை இழுக்கும். தூசியோடு சேர்ந்து போர்டில் படிந்தால் நாளடைவில் காலை வாரிவிடும். ஜன்னலோரம் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயரால் ஊதுங்கள், ஈரத்துணி வேண்டாம். வாரக்கணக்கில் மூடிவைப்பதைவிடத் தினமும் கொஞ்ச நேரம் ஓடுவது நல்லது, அந்தச் சூட்டில் ஈரம் தங்காது.

சாக்கெட் விஷயத்தில் உங்கள் தேர்வு சரியானதே. ஏஎம்5-ஐ 2027-க்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4-ல் 2017-ல் வந்த எக்ஸ்370 போர்டுகள் பலவற்றில் 2022-ன் 5800எக்ஸ்3டி பயாஸ் மாற்றத்தோடு ஓடியது. இந்தப் போர்டிலேயே இன்னொரு ப்ராசஸரை நீங்கள் மாட்டும் நாள் வரலாம்.

முதல்முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே இருக்கும். போர்டின் ஓரத்தில் ரேமுக்கான சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஃபேன் சுற்றும், வேறொன்றும் நடக்காது. போர்டு அப்போது ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பல நிமிஷம் ஆகலாம். பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.