பேட்டில்ஃபீல்ட் 5-இல் வரலாற்றைக் கெடுத்தது பெண் கேரக்டரா?

கேள்வி: வரலாற்றுப் பின்னணி உள்ள வீடியோ கேம்களில் பெண்ணை நாயகியாக வைத்தால் துல்லியம் போய்விடுகிறது என்கிறார்களே, உண்மையா? இந்தக் காரணத்துக்காகவே பேட்டில்ஃபீல்ட் 5 வாங்காதே என்கிறான் நண்பன். வாங்கலாமா?

பதில்:

அந்த கேமோடு எனக்கும் ஒரு சண்டை உண்டு. ஆனால் உங்கள் நண்பர் போடும் சண்டை இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் அதன் டிரெய்லர் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் களத்தில், செயற்கைக் கை பொருத்திய ஒரு பிரிட்டிஷ் பெண் சிப்பாய் முன்னால் நின்று சுடுகிறாள். அவ்வளவுதான், இணையம் பற்றிக்கொண்டது. 'இது என் பேட்டில்ஃபீல்ட் இல்லை' என்று ஹேஷ்டேக் ஓடியது. கேமை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் உயர் அதிகாரி பேட்ரிக் சோடர்லண்ட், ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள் என்ற மாதிரி ஒரு பேட்டியில் சொல்லிவைக்க, எரிகிற நெருப்பில் எண்ணெய் விழுந்தது. விற்பனை எதிர்பார்த்ததைவிட சுமார் 10 லட்சம் பிரதிகள் குறைந்தது. உடனே 'பார்த்தாயா, பெண்ணைப் போட்டதற்குத் தண்டனை' என்றார்கள். அந்த கேம் ஒரு மாதம் தள்ளிப்போய், போட்டி கேம்களான கால் ஆஃப் டியூட்டியும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-உம் சந்தையை அள்ளிக்கொண்ட பிறகு வந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

இதற்கு முந்தைய பேட்டில்ஃபீல்ட் 1 முதல் உலகப் போர் பற்றியது. அதில் ஹெல்ரீகல் 1915 என்று ஒரு துப்பாக்கி. நானே அதை வைத்துக்கொண்டு எத்தனையோ இரவு ஆட்டம் போட்டிருக்கிறேன். ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவம் சோதனைக்குச் செய்து பார்த்த துப்பாக்கி அது. இன்று மிஞ்சியிருப்பது சில பழைய புகைப்படங்கள்தான். அந்தப் போரில் சாதாரண சிப்பாய் கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டிய ரைஃபிள். கேமிலோ மேப் முழுக்க ஹெல்ரீகல் தடதடக்கும். செத்து விழுந்தவனை மெடிக் ஓர் ஊசி குத்தி எழுப்பிவிடுவான். சிலர் முணுமுணுத்தார்கள்தான். ஆனால் ஹெல்ரீகலுக்காகப் புறக்கணிப்புக் கொடி பிடித்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

அதனால் பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் யார் எந்த முகத்தோடு ஓடினாலும் எனக்குக் கவலை இல்லை. அது விளையாட்டு மைதானம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் காலாட்படையில் பெண்கள் சண்டை போடவில்லை என்பது உண்மையே. பிரிட்டனில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைகளில் பெண்கள் இருந்தார்கள். எதிரி விமானத்தின் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக் குறி சொல்வது அவர்கள் வேலை, ஆனால் சுடும் வேலை மட்டும் ஆண்களுக்கு! அந்தக் காலத்து நியாயம் அப்படி.

பெண்கள் நிஜமாகவே துப்பாக்கி தூக்கிய ராணுவம் சோவியத் ராணுவம். ஒடெஸாவிலும் செவஸ்தபோலிலும் சண்டையிட்ட ஸ்னைப்பர் லியூட்மிலா பாவ்லிசென்கோவின் கணக்கில் 309 பேர். 588-ஆவது இரவுக் குண்டுவீச்சுப் படையில் விமானிகள் முதல் மெக்கானிக்குகள் வரை பெண்கள். பிளைவுட்டும் துணியும் கொண்டு செய்த போ-2 விமானத்தில் போவார்கள். இலக்கு நெருங்கியதும் எஞ்சினைத் தணித்துவிட்டு, சத்தமில்லாமல் சறுக்கி வந்து குண்டு போடுவார்கள். பெண் சிப்பாய்களுக்காக அத்தனை ஏச்சு வாங்கிய பேட்டில்ஃபீல்ட் 5-இல் இந்த சோவியத் ராணுவம் கடைசிவரை வரவே இல்லை. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

இன்னொரு எரிச்சல் 'நார்ட்லிஸ்' என்ற நார்வே கதைப் பகுதி. அணுகுண்டு ஆராய்ச்சிக்கு ஜெர்மானியருக்குத் தேவைப்பட்ட கனநீர், வெமோர்க் என்ற மலைப்பக்கத் தொழிற்சாலையில் தயாரானது. அதைத் தகர்ப்பதுதான் கதை. கேமில் சோல்வெய்க் என்ற இளம்பெண் பனிச்சறுக்கில் வந்து, கத்தி வீசி, காவலர்களை ஒவ்வொருவராக முடித்து, பிடிபட்ட தன் தாயை மீட்கப் பார்க்கிறாள்.

நிஜத்தில் 1943 பிப்ரவரி 27 இரவு போனவர்கள் ஒன்பது நார்வேக்காரர்கள். பிரிட்டனில் பயிற்சி பெற்றவர்கள், எல்லாரும் ஆண்கள். பாலத்தில் காவல் இருந்ததால் பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஏறினார்கள். தலைவர் யோவாகிம் ரான்னபெர்க், வயது 23. கேபிள் போகும் குறுகிய வழியாகத் தவழ்ந்து உள்ளே போய் வெடி வைத்தார். இரண்டு நிமிடம் எரியவேண்டிய திரியை முப்பது விநாடியாக வெட்டினார். கொளுத்தப் போகிற நேரத்தில் உள்ளே இருந்த நார்வே காவலாளி, 'என் மூக்குக்கண்ணாடியைக் காணோம், போர்க் காலத்தில் இன்னொன்று கிடைக்காது' என்றார். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கொளுத்தினார்கள். ஒரு தோட்டா சுடவில்லை, ஒருவரும் சாகவில்லை, ஒன்பது பேரும் தப்பினார்கள். ரான்னபெர்க் 2018 அக்டோபர் 21-ஆம் தேதி, 99 வயதில் காலமானார். கேம் வெளிவந்தது நவம்பர் 20-இல்.

அந்த மூக்குக்கண்ணாடி கேமில் இல்லை! கத்தி வீச்சு இருக்கிறது. சோல்வெய்க்கின் இடத்தில் ஒரு மீசைக்காரனை வைத்திருந்தாலும் என் புகார் இதேதான். யாரையும் கொல்லாமல் முடித்ததுதான் அந்த ராத்திரியின் சிறப்பு. அதை ஒற்றையாள் சாகசமாக்கிவிட்டார்கள்.

பெண் நாயகிதான் வேண்டுமென்றால் கதைக்கா பஞ்சம்? திப்பு சுல்தான் வழி வந்த நூர் இனாயத் கான் 1943 ஜூனில் பிரிட்டிஷ் உளவு ரேடியோ ஆபரேட்டராக பிரான்சுக்குப் போனார். கூட இருந்தவர்கள் வரிசையாகப் பிடிபட்ட பிறகும் பாரிஸை விட்டு வரவில்லை. சிக்னலை மோப்பம் பிடிக்கும் ஜெர்மன் வண்டிகளுக்குத் தப்ப, ரேடியோ பெட்டியோடு வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தார். 1944-இல் டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார். ஒளிந்து விளையாடும் கேமுக்கு இதைவிட என்ன கதை வேண்டும்? நூரை அனுப்பிய அதே பிரிட்டிஷ் உளவு அமைப்பின் இன்னொரு உளவாளி வயலெட் ஸாபோவை மனதில் வைத்து 2009-இல் வெல்வெட் அசாசின் என்ற கேம் வந்தது. நம் பக்கமும் இருக்கிறது. 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைவி மெட்ராஸ் டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். எந்தப் பெரிய ஸ்டுடியோவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெண்ணைச் சரியான இடத்தில் வைத்தும் சறுக்கலாம், அதையும் சொல்லவேண்டும். பேட்டில்ஃபீல்ட் 1-இன் ரஷ்ய விரிவாக்கத்தில் மரியா போச்கர்யோவாவின் பெண்கள் படையைக் கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் 1917-இல் உருவான படை, கேமில் 1916-ஆம் வருடத்துப் போரிலும் ஸ்னைப்பராக நிற்கிறது. ஹெல்ரீகலை மன்னித்தவன் இதையும் மன்னித்துவிடலாம், சரி.

வாங்கலாமா என்றால், தள்ளுபடி வரும்போது தாராளமாக வாங்குங்கள், அடிக்கடி வரும். மல்டிபிளேயரில் துப்பாக்கி பிடிக்கும் உணர்வு இன்றைக்கும் அருமையாக இருக்கும். நார்ட்லிஸையும் தவிர்க்கவேண்டாம், இரவுப் பனியில் சறுக்கும் காட்சிகள் கண்ணுக்கு விருந்து. கூடுமானவரை கத்தியைத் தொடாமல், யார் கண்ணிலும் படாமல் முடிக்கப் பாருங்கள்.